மாலையோடு கழன்றுவிடும் பக்தி

கேள்வி: பள்ளிபாளையத்தில் எங்களுக்கு விசைத்தறிப் பட்டறை இருக்கிறது. அப்பா ஐயப்ப பக்தர்களுக்குக் குருசாமி. போன கார்த்திகையில் எங்களிடம் தறி ஓட்டும் அண்ணனும் மாலை போட்டார். விரதம் முடியும்வரை அப்பா அவரைச் ‘சாமி’ என்றுதான் கூப்பிட்டார், கூடத்தில் இலை போட்டுச் சாப்பாடு போட்டார். மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றிய மறுநாளே அவருக்கு டீ, ஜன்னல் திட்டில் கவிழ்த்து வைத்திருக்கும் தனித் தம்ளரில். அதை அவரேதான் கழுவி வைக்க வேண்டும். இதைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சாமி கும்பிடவே பிடிக்கவில்லை. மதம் தப்பா, மனிதர்கள் தப்பா?
- பெயர் வேண்டாம் என்று எழுதிய கல்லூரி மாணவி

பதில்: மகளே, தனித் தம்ளர் பற்றி எனக்கு நிறையக் கடிதம் வரும். ஆனால் அந்த நாற்பத்தொரு நாளைப் பற்றி யாரும் எழுதியதில்லை. உன் கடிதத்தை மடித்து வைக்க முடியாமல் திரும்பத் திரும்பப் படித்தேன்.

தெரியாமல் செய்கிறவர்களுக்கு எடுத்துச் சொல்லலாம். உன் அப்பாவுக்கு எல்லாம் தெரியும். ஒரு மண்டலம் முழுக்க அந்த அண்ணன் உங்கள் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். யாருக்கும் தீட்டு ஒட்டவில்லை, வீட்டுக்கு ஒரு குறையும் வரவில்லை. விரதத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது. கறுப்பு வேட்டி கட்டியதும் முதலாளியும் கூலிக்காரரும் ஒரே பேரில் ‘சாமி’ ஆகிவிடுகிறார்கள். எருமேலியில் வாவர் பள்ளிவாசலை வலம் வந்துவிட்டு மலையேறுகிறார்கள், பதினெட்டாம் படியில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு ஏறுகிறார்கள். இப்படிப் பழக்கிவிட்டால் ஊருக்குத் திரும்பிய பிறகும் மனிதன் மாறாமல் இருப்பான் என்றுதானே இந்த விரதத்தையே வைத்திருக்க வேண்டும்? உன் அப்பா அதைத் துளசி மணியோடு சேர்த்துக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டார்.

‘மதம் நல்லதுதான், மனிதர்கள்தான் சரியில்லை’ என்று சொல்லிவிட்டுப் போவது எனக்குச் சுலபம். நானும் நாள் தவறாமல் திருநீறு பூசுகிறவள். வெள்ளிக்கிழமை என்றால் மீனாட்சியைப் பார்க்காமல் எனக்குப் பொழுது போகாது. என் சாமிக்குக் கெட்ட பெயர் வந்தால் எனக்கும் வலிக்கும். ஆனாலும் அந்தப் பதில் நியாயமில்லை. நல்லவர் ஒருவரைப் பார்த்தால் ‘பக்தி உள்ளவர், அதனால்தான் இந்தக் குணம்’ என்கிறோம். கெட்டது செய்தவரைப் பார்த்தால் மட்டும் ‘அது அவர் குணம், மதம் என்ன செய்யும்’ என்று கைகழுவுகிறோம். புகழுக்குப் பங்கு கேட்கிற மதம் பழியிலும் பங்கெடுக்க வேண்டும். நடமாடும் கோயிலான மனிதனுக்குக் கொடுத்தால் அது இறைவனுக்குப் போய்ச் சேரும் என்று திருமூலர் பாடியது அந்த அண்ணனுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அவர் கண்ணால் பார்த்த பக்தி உன் அப்பாதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதெல்லாம் தனிமனிதரின் குணக்கேட்டால் மட்டும் நடந்ததில்லை. ஆகமம், ஆசாரம் என்று சொல்லித்தான் நடந்தது. நான் வெள்ளிக்கிழமைதோறும் போகிற அதே கோயிலுக்குள் 1939 ஜூலை 8 வரை தாழ்த்தப்பட்டவர்களோ நாடார்களோ கால் வைக்க முடியாது. அன்று காலையில் மதுரைக் காங்கிரஸ் தலைவர் வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்டவர்கள் ஐந்து பேரையும் நாடார் ஒருவரையும் கூட்டிக்கொண்டு உள்ளே போனார். பின்னாளில் அமைச்சரான கக்கனும் அதில் இருந்தார். நிர்வாக அதிகாரி ஆர்.எஸ்.நாயுடு அவர்களை வரவேற்றார். பட்டர்கள் சிலர் பூஜைக்கு வர மறுத்தார்கள். மீனாட்சியே கோயிலை விட்டுப் போய்விட்டாள் என்று சொல்லி வேறிடத்தில் வைத்துக் கும்பிட்டவர்களும் உண்டு. தெய்வத்தையே வெளியே அனுப்பத் துணிந்தவர்களுக்குச் சக மனிதன் உள்ளே வருவது பொறுக்கவில்லை. கிழக்குக் கோபுர வாசலில் செருப்பைக் கழற்றும்போது இது நினைவுக்கு வந்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு எரிகிறது.

தடுத்தவர்கள் பக்தர்கள். கூட்டிப் போனவரும் பக்தர், உள்ளே போனவர்களும் பக்தர்கள். வைத்தியநாத ஐயர் சொந்தச் சாதியாரின் பகையைச் சம்பாதித்துக்கொண்டார், சாமியை விட்டுவிடவில்லை. பக்தர்களால் மட்டும் கதவு திறந்துவிடவில்லை என்பதையும் நான் மறைக்க மாட்டேன். கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்கும் உரிமைக்காக 1924ல் வைக்கத்தில் சிறைக்குப் போன பெரியார் சாமி கும்பிடுகிறவர் இல்லை.

இனி நீ செய்ய வேண்டியது. நாளைக்கு டீயை நீயே கொண்டுபோ. நீங்கள் குடிக்கிற அதே எவர்சில்வர் தம்ளரில் எல்லாருக்கும் ஊற்று. வாங்கி வந்து நீயே கழுவு. இதை ஒரு சபதமாக அறிவிக்க வேண்டாம். அப்பாவிடம் பேசு, ஆனால் தறிக்காரர்கள் முன்னால் பேசாதே. அந்த அண்ணன் உங்களிடம் முன்பணம் வாங்கியிருக்கக்கூடும், சனிக்கிழமைக் கூலியும் அப்பா கையில்தான் இருக்கிறது. உன்மேல் வருகிற கோபம் அவர் தலையில் போய் விடியும். வீட்டில் தனியாக இருக்கும்போது, ‘கார்த்திகையில் இல்லாத தீட்டு தையில் எங்கிருந்துப்பா வந்தது?’ என்று கேள். குருசாமிக்கு அந்தக் கேள்வி புரியும். தீண்டாமை சட்டப்படி குற்றம் என்பதும் அவருக்குத் தெரியாமல் இருக்காது. அவர் அசையவில்லை என்றால் அதையும் எடுத்துச் சொல்.

சாமி கும்பிடுவதா வேண்டாமா என்பதை அப்பாவை வைத்து முடிவு செய்யாதே. கொஞ்ச நாள் கும்பிடாமல் இரு, ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

கேள்வி: கோயில் திருப்பணிக் கமிட்டியில் பெரிய பொறுப்பில் இருப்பவர், நெற்றி நிறையத் திருநீறு. அவரை நம்பி எழுத்து இல்லாமல் மூன்று லட்சம் கொடுத்துவிட்டேன். கேட்டால் ‘அம்மன் மேல் சத்தியம், அடுத்த மாதம்’ என்கிறார்.
- வியாபாரி, விருதுநகர்

பதில்: ஐயா, இனி சத்தியம் வாங்காதீர்கள், எழுத்து வாங்குங்கள். வழக்குப் போடுவதற்கான 3 ஆண்டுக் கெடு கொடுத்த நாளிலிருந்தே ஓடிக்கொண்டிருக்கிறது. வங்கி வழியாகக் கொடுத்திருந்தால் அந்த ரசீதையும், கடனை அவர் ஒத்துக்கொண்ட வாட்ஸ்அப் செய்தி இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே ஒரு வக்கீலைப் பாருங்கள். தவக்கோலத்துக்குள் மறைந்து தப்பு செய்கிறவன், புதருக்குள் மறைந்து பறவை பிடிக்கும் வேடன் என்கிறார் வள்ளுவர். அம்மன் பெயரைச் சொல்லித் தவணை கேட்கிறவரைக் கமிட்டியில் மற்றவர்கள் எப்படிச் சகிக்கிறார்கள்? அவர்கள் காதிலும் போடுங்கள். திருப்பணிப் பணமும் அவர் கையில்தானே புழங்குகிறது?

கேள்வி: நான் கத்தோலிக்கன். எங்கள் கோயில் பங்கில் திருவிழாத் தேர் தலித் கிறிஸ்தவர்கள் தெருவுக்குப் போவதில்லை, கல்லறையும் தனி. பங்குப் பேரவையில் இதைப் பேச எழுந்தேன். ‘நம் வீட்டுக் குறையை நாமே வெளியில் சொன்னால் மற்ற மதத்தார் சிரிப்பார்கள், உட்காருங்கள்’ என்றார்கள். உட்கார்ந்துவிட்டேன். சரியா?
- வாசகர், தென்மாவட்டம்

பதில்: சரியில்லை, தம்பி. மற்ற மதத்தார் சிரிப்பது அப்புறம். தேர் வராத தெருவில் ஒரு பிள்ளை வாசலில் நின்று, மேளச் சத்தம் முனையோடு திரும்பிப் போவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு நீங்கள் எந்தக் கிறிஸ்துவைப் பற்றி மறைக்கல்வி வகுப்பில் சொல்லிக்கொடுக்கப் போகிறீர்கள்?

மறைத்தாலும் மறையாது. திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் கோயிலைப் பாருங்கள். 1872ல் கட்டிய அந்தக் கோயிலுக்குப் பலிபீடத்திலிருந்து பிரிந்து போகும் இரண்டு கைகள். ஒரு கை வெள்ளாளருக்கு, மற்றது நாடாருக்கும் பிற சாதியாருக்கும். நடுவில் தடுப்பு. பூசை ஒன்று, சாமியார் ஒருவர், ஆனால் ஒரு பக்கத்தார் மறுபக்கத்தாரின் முகத்தைப் பார்க்காமலே கும்பிட்டுவிட்டு வீடு திரும்பலாம். அதைக் கட்டுவித்தவர்களும் விசுவாசிகள்தான், சாதிச் சண்டை ஓய்ந்தால் போதும் என்று நினைத்தவர்கள். 1910ல் அந்தத் தடுப்பை எடுக்க வைத்தவர் பங்குச் சாமியார் கௌசானல். வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் சிலர் கோர்ட்டுக்குப் போனார்கள், வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை ஏறியது. தனி இடம் எங்கள் உரிமை என்ற அவர்களுடைய வாதம் அங்கே நிற்கவில்லை. நற்கருணை வாங்குகிற கையாலேயே சுவர் கேட்டு மனு எழுதினார்கள் என்பது கோர்ட்டுப் பதிவில் அச்சாகிக் கிடக்கிறது. யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். அதே கதையில் கௌசானலும் இருப்பதால்தான் படிக்கிறவனுக்குத் திருச்சபை மேல் கொஞ்சமாவது மரியாதை மிஞ்சுகிறது.

அடுத்த பேரவைக் கூட்டத்தில் மறுபடி எழுந்திருங்கள். தேர் எந்தத் தெருவோடு திரும்புகிறது, கல்லறைச் சுவர் எந்த இடத்தில் நிற்கிறது என்பதைக் கூட்டக் குறிப்பில் பதியச் சொல்லுங்கள். பதியவில்லை என்றால் ஆயருக்கு எழுதுங்கள். அந்தத் தெருக்காரர்கள் இதற்குள் எத்தனையோ மனு கொடுத்திருப்பார்கள், அதில் உங்கள் தெருக் கையெழுத்து ஒன்றுகூட இருந்திருக்காது. இந்த முறை உங்கள் கையெழுத்தைப் போடுங்கள், முழுப் பெயரோடு.