மீனுக்குத் தீனி போட்ட போதகர்

அன்புள்ள ஐயா,

பிட்ஸ்பர்கில் வசிக்கிறேன். ஞாயிறுதோறும் குழந்தைகளைப் பென் ஹில்ஸ் பெருமாள் கோயிலுக்கு அழைத்துப் போகிறேன். மற்ற ஆறு நாளும் அவர்களுக்குத் தொலைக்காட்சி, கால்பந்து, கடைத்தெரு. மைதானத்தில் ஊர் அணிக்காக மஞ்சள் துண்டைச் சுழற்றுவதுதான் இங்கே வழிபாடு. இந்த மக்களின் அன்றாடத்தில் புனிதம் என்று ஏதாவது உண்டா? குழந்தைகளுக்கு என்ன படிக்கக் கொடுக்கலாம்?

ர.

அன்புள்ள ர.,

உங்கள் கவலை புரிகிறது. ஆனால் ஓர் ஊரில் சம்பாதித்து, பிள்ளைகளையும் அங்கேயே வளர்த்துக்கொண்டு, அந்த ஊர்க்காரர்களிடம் புனிதம் உண்டா என்று கேட்க எப்படி ஐயா மனம் வருகிறது? மஞ்சள் துண்டை விட்டுவிடுங்கள். அதைக் கொண்டுவந்த வர்ணனையாளர் மைரன் கோப், 1996இல் அதன் வணிக முத்திரை உரிமையை அறிவுவளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கான ஒரு பள்ளிக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். கடைத்தெரு நம் கோயில் வாசலிலும்தான் இருக்கிறது.

தொலைக்காட்சி என்றீர்களே, அதற்காகத்தான் எழுதுகிறேன். கொஞ்ச நாட்களாக ஃப்ரெட் ரோஜர்ஸின் பழைய நிகழ்ச்சிகளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் பிட்ஸ்பர்கில் எடுக்கப்பட்டவை. 1963இல் பிரஸ்பிட்டேரியன் கிறிஸ்தவ சபை அவரைப் போதகராக்கி, குழந்தைகளுக்கான தொலைக்காட்சியையே அவருடைய ஊழியமாகக் கொடுத்தது. 1968இலிருந்து 2001 வரை நாடெங்கும் குழந்தைகள் அவர் நிகழ்ச்சியைப் பார்த்தார்கள். அதில் அவர் பிரசங்கம் செய்யவே இல்லை. உள்ளே வருவார், கோட்டைக் கழற்றிக் கம்பளிச் சட்டை போடுவார், ஷூ மாற்றுவார், மீன்களுக்குத் தீனி போடுவார். பார்வையற்ற ஒரு சிறுமி, மீன்கள் பட்டினி கிடக்கின்றனவோ என்று கவலையாக இருப்பதாக எழுதினாள். அதன்பின் தீனி போடும்போது வாய்விட்டுச் சொல்லத் தொடங்கினார், தீபாராதனைக்கு மணி அடிப்பதைப் போல.

எதிரில் இருப்பவர்மீது ஒருவர் முழுக் கவனம் வைக்கும்போதுதான் எனக்குப் புனிதம் தட்டுப்படுகிறது. இதை நான் சொல்லிச் சொல்லி, வாசகர்கள் கொட்டாவி விடுகிறார்கள். பரவாயில்லை, நீங்களும் கேளுங்கள்.

1969ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று. வெயில் நாள். சின்ன பிளாஸ்டிக் தொட்டியில் காலை நனைத்தபடி ரோஜர்ஸ் உட்கார்ந்திருக்கிறார். போலீஸ்காரர் வேடத்தில் வரும் கறுப்பினப் பாடகர் ஃபிரான்சுவா கிளெமன்ஸைக் கூப்பிடுகிறார். துண்டு இல்லையே என்கிறார் அவர். என் துண்டு இருக்கிறதே என்கிறார் இவர். கிளெமன்ஸ் காற்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு காலை வைக்கிறார். கேமரா நான்கு பாதங்களையும் காட்டுகிறது. அவ்வளவுதான் காட்சி. ஆனால் 1964இல், ஃபுளோரிடாவின் செயின்ட் அகஸ்டினில், வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த நீச்சல்குளத்தில் கறுப்பர்களும் வெள்ளையர்களும் சேர்ந்து இறங்கியபோது, விடுதி மேலாளர் தண்ணீரில் அமிலத்தை ஊற்றினார். அதைச் செய்தியில் பார்த்த நாடு இதையும் பார்த்தது. தண்ணீரையும் தீட்டையும் பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சீடர்களின் கால்களை இயேசு கழுவிய கதையைப் போதகருக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1993இல் இருவரும் மறுபடி அதேபோல் தொட்டியில் கால் வைத்தார்கள். அப்போது ரோஜர்ஸ் துண்டை எடுத்துக் கிளெமன்ஸின் கால்களைத் துடைத்துவிட்டார்.

உடனே அவரைப் பீடத்தில் ஏற்றிவிடாதீர்கள். கிளெமன்ஸ் தன்பால் ஈர்ப்புள்ளவர். அது வெளியே தெரிந்தால் நிகழ்ச்சியில் நீடிக்க முடியாது என்று அவரிடம் சொன்னவரும் இதே ரோஜர்ஸ்தான். கிளெமன்ஸே அதைச் சொல்லியிருக்கிறார், ரோஜர்ஸைத் தான் நேசித்ததையும் சேர்த்தே சொல்லியிருக்கிறார். எனக்கு இது உறுத்துகிறது. அதற்காக அந்தத் தொட்டிக் காட்சியை என்னால் தள்ளிவிட முடியவில்லை.

புத்தகம் கேட்டீர்கள். பட்டியல் போட எனக்குப் பொறுமை இல்லை. நீங்கள் திட்டிய கால்பந்து மைதானத்துக்குப் பக்கத்தில், ஆற்றங்கரையில், ஷூ கயிற்றைக் கட்டியபடி ரோஜர்ஸ் வெண்கலச் சிலையாக உட்கார்ந்திருக்கிறார். அடுத்த ஞாயிறு கோயிலிலிருந்து நேரே பிள்ளைகளை அங்கே அழைத்துப் போங்கள். ஆட்டம் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், இருந்தால் கார் நிறுத்த இடம் கிடைக்காது.