பிக்கோ போர்டில் படம் சரியாக வரவில்லையா? கேள்வி பதில்

கேள்வி: ராஸ்பெரி பை பிக்கோ என்ற சின்ன மைக்ரோகண்ட்ரோலர் போர்டிலிருந்து விஜிஏ (மானிட்டருக்கான பழைய அனலாக் வீடியோ இணைப்பு) எடுத்தேன். மானிட்டரில் ‘நோ சிக்னல்’ என்றே வருகிறது. புரோகிராமில் தப்பா?

பதில்: புரோகிராமை அப்புறம் பார்ப்போம். நிறம் ஒன்றுமே வராவிட்டாலும், இரண்டு சிங்க்கும் (வரியும் படமும் எப்போது தொடங்கும் என்று மானிட்டருக்குச் சொல்லும் துடிப்புகள்) சரியாக இருந்தால் மானிட்டர் விழித்துக்கொள்ளும். கனெக்டரில் 13-ஆவது பின் எச்-சிங்க் (வரிக்கானது), 14-ஆவது வி-சிங்க் (படத்துக்கானது). சாலிடர் வைக்கும் பக்கத்திலிருந்து பார்த்தால் பின் வரிசை இடவலம் மாறித் தெரியும். பலரும் ஏமாறுவது இங்கேதான்.

சிக்னலின் அலையைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப் இல்லாவிட்டால் சாதா மல்டிமீட்டர் போதும். மானிட்டரைக் கழற்றிவிட்டு, டிசி வோல்ட்டில் வைத்து எச்-சிங்க்கைத் தொடுங்கள். 640x480 படத்தில் ஒரு வரி மொத்தம் 800 பிக்சல் நேரம். அதில் 96 பிக்சல் நேரம் மட்டுமே சிங்க் கீழே இறங்கும். அதனால் மீட்டர் 2.9 வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டும். 0.4 காட்டினால் சிங்க் தலைகீழாகப் போகிறது. 0-விலோ 3.3-லோ அசையாமல் நின்றால் பின் துடிக்கவே இல்லை. இப்போது புரோகிராமைத் திறங்கள்.

கேள்வி: பிக்கோவில் நன்றாக ஓடிய அதே புரோகிராம் பிக்கோ 2-இல் ‘அவுட் ஆஃப் ரேஞ்ச்’ காட்டுகிறது அண்ணா. போர்டு போய்விட்டதா?

பதில்: போர்டு நன்றாகத்தான் இருக்கிறது தம்பி. பழைய பிக்கோ வழக்கமாக 125 மெகாஹெர்ட்ஸில் ஓடும். 5-ஆல் வகுத்தால் பிக்சலுக்கு 25 மெகாஹெர்ட்ஸ், படம் நொடிக்கு 59.5 முறை. பிக்கோ 2 ஓடுவது 150-இல். அதே 5-ஆல் வகுத்தால் 30 மெகாஹெர்ட்ஸ், நொடிக்கு 71 முறைக்கு மேல் போய்விடும். வகுப்பதை 6 ஆக்குங்கள், சரியாகிவிடும்.

கேள்வி: கறுப்புப் பின்னணியில் எழுத்து பளிச்சென்று இருக்கிறது. பின்னணியை வெள்ளையாக்கினால் திரை முழுவதும் மங்கிவிடுகிறது. ரெசிஸ்டர் 270 ஓம் தான் போட்டிருக்கிறேன்.

பதில்: ரெசிஸ்டர் சரி. மானிட்டருக்குள் 75 ஓம் இருப்பதால், 3.3 வோல்ட் அங்கே 0.7-ஆக இறங்கும், விஜிஏவுக்கு வேண்டியது அதுதான். இதே கோளாறில் ரெசிஸ்டரை மாற்றி மாற்றி எனக்கு இரண்டு நாள் போயிற்று.

கறுப்பு எது என்பதை மானிட்டர் தானாகவே முடிவு செய்துகொள்கிறது. ஒவ்வொரு வரியிலும் சிங்க் முடிந்தபின் 48 பிக்சல் நேரத்துக்கு ஒரு வெற்றிடம் வரும். அப்போது நிறப் பின்களில் என்ன வோல்ட் இருக்கிறதோ, அதையே கறுப்பு என்று எடுத்துக்கொள்ளும். உங்கள் புரோகிராம் வரியின் கடைசிப் பிக்சலைப் போட்டுவிட்டு அப்படியே நின்றுவிடுகிறது. அது வெள்ளையாக இருந்தால் வெள்ளையே மானிட்டருக்குக் கறுப்பு ஆகிவிடும். சோதித்துப் பாருங்கள்: திரையின் வலது ஓரத்தில் ஒரே ஒரு பிக்சல் அகலத்துக்குக் கறுப்புக் கோடு போடுங்கள். வெளிச்சம் திரும்பிவிட்டால் காரணம் இதுதான். நிலையான தீர்வு, 640 பிக்சல் முடிந்ததும் நிறப் பின்களை 0 ஆக்குவது.

கேள்வி: எச்டிஎம்ஐ சாக்கெட் வைத்தேன். ஒரு டிவியில் படம் வருகிறது, இன்னொன்றில் இல்லை.

பதில்: 18-ஆவது பின்னுக்கு 5 வோல்ட் கொடுத்தீர்களா? அது இல்லாவிட்டால் ஏதோ செருகியிருக்கிறது என்பதே சில டிவிகளுக்குத் தெரியாது.

கேள்வி: விளையாட்டின் ஸ்கோரை ஃபிளாஷில் (மின்சாரம் போனாலும் அழியாத நினைவகம்) சேமிக்கும்போதெல்லாம் படம் ஒரு கணம் அறுந்துவிடுகிறது.

பதில்: ஃபிளாஷை அழிக்கும் நேரத்தில் அதிலிருந்து எதையும் படிக்க முடியாது, புரோகிராமும் அங்கேதானே இருக்கிறது. வீடியோ வேலையைச் சிப்பின் இரண்டாவது கோருக்கு (செயலிக்கு) தள்ளி, அதன் புரோகிராம் முழுவதையும் ராமில் வையுங்கள். எழுத்துரு அட்டவணையையும் மறக்காமல் ராமுக்குக் கொண்டுவாருங்கள். அது ஃபிளாஷிலேயே கிடந்தால் படம் மறுபடியும் அறும்.