பாலைவன ஊரில் ஒரு குடும்ப மையம்: கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

மத்திய ஆஸ்திரேலியா பற்றி நீங்கள் எழுதுவதையெல்லாம் விடாமல் வாசிக்கிறேன். யாழ்ப்பாணத்தில் பிறந்து, சின்ன வயதிலேயே மெல்பர்னுக்கு வந்துவிட்டேன். சமூகப்பணி படித்துக் குழந்தைப் பாதுகாப்பில் வேலை பார்க்கிறேன். இப்போது ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து நாலு மணி நேரம் தள்ளி, வார்ல்பிரி என்ற பூர்வகுடி மக்கள் வாழும் ஒரு ஊரில், குடும்ப ஆதரவு மையத்துக்கு மேலாளராக அழைத்திருக்கிறார்கள். இரண்டு வருட காண்ட்ராக்ட். அம்மாவுக்குத் துளியும் சம்மதமில்லை. எனக்குப் போக ஆசை.

இரண்டு கேள்விகள். நாமும் நிலத்தைப் பறிகொடுத்த கறுத்த மக்கள்தானே, அது அவர்களோடு நெருங்க உதவுமா? ஒரு குழந்தை ஆபத்தில் இருக்கிறது என்று நானே தகவல் கொடுக்க வேண்டி வந்தால், அப்புறம் அந்தத் தாயின் முகத்தில் எப்படி விழிப்பது?

க., மெல்பர்ன்

அன்புள்ள க.,

போங்கள் என்றுதான் சொல்வேன். அந்தப் பக்கத்தில் ஒரு மையத்தில் நானும் வேலை பார்த்தவள் என்பதால் உங்கள் அம்மாவின் பயமும் எனக்குப் புரிகிறது. தொலைபேசி நம்பர் வாங்கிக் கொடுங்கள், அம்மாவிடம் நானே பேசுகிறேன்.

முதல் கேள்வி. தொடக்கத்தில் அது உதவாது. நீங்கள் போய் இறங்கும்போது உங்கள் கையில் ஆபீஸ் சாவிக்கொத்து இருக்கும், வாசலில் ஒரு வெள்ளை டொயோட்டா நிற்கும், மூன்று அறை வீட்டில் மூன்று குடும்பங்கள் படுத்தெழும் ஊரில் உங்களுக்கு மட்டும் ஏசி போட்ட தனி வீடு இருக்கும். அவர்கள் பார்ப்பது அதைத்தான். நம் கதையைச் சொல்லலாம், ஆனால் அவர்கள் கேட்டபிறகு சொல்லுங்கள். கேட்பார்கள். யார் மகள், எந்த மண், அம்மா எங்கே இருக்கிறாள் என்று பாட்டிமார் விசாரிக்காமல் விடமாட்டார்கள்.

தமிழச்சியாக உங்களுக்கு உண்மையிலேயே கைகொடுக்கப் போவது உறவுமுறை. அங்கே அம்மாவின் சகோதரிகள் எல்லாரும் அம்மா, அப்பாவின் சகோதரர்கள் எல்லாரும் அப்பா. பெரியம்மா, சித்தப்பா என்று அழைத்து வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. குழந்தை திங்கட்கிழமை அம்மாவிடமும் புதன்கிழமை பாட்டியிடமும் தூங்கினால், நகரத்திலிருந்து வரும் அதிகாரி 'நிலையான பராமரிப்பு இல்லை' என்று எழுதிவிடுவார். நீங்கள் எழுதமாட்டீர்கள் என்று நம்புகிறேன். வார்ல்பிரி சமூகம் எட்டுப் பிரிவுகளாக அமைந்தது. கொஞ்ச நாளில் உங்களையும் ஒரு பிரிவில் சேர்த்துவிடுவார்கள். அன்றிலிருந்து ஊரில் உங்களுக்கு அக்காமார் உண்டு, பிள்ளைகள் உண்டு, நேருக்கு நேர் பேசக்கூடாத மருமகனும் உண்டு. மாமியாரும் மருமகனும் ஒரே வண்டியில் உட்காரக்கூடாது என்பது அங்கே கண்டிப்பான வழக்கம். ஆட்களை ஏற்றிவரப் போனால் இரண்டு நடை போக வேண்டியிருக்கும். போங்கள், முணுமுணுக்காமல்.

சரி, இரண்டாவது கேள்விக்கு வருவோம். அதுதான் அந்த வேலையே.

1918-ல் வந்த சட்டம், அந்த ஊர் இருக்கும் நார்தர்ன் டெரிட்டரி என்ற ஆட்சிப்பகுதியின் பூர்வகுடிக் குழந்தைகளுக்கு ஒரு அரசு அதிகாரியைச் சட்டப்படிப் பாதுகாவலர் ஆக்கியது. பெற்ற தாய் உயிரோடு இருந்தாலும் அவர்தான் பாதுகாவலர். குறிப்பாக வெள்ளைக்காரத் தகப்பன்களுக்குப் பிறந்த பிள்ளைகளைத் தேடித் தேடிப் பிடித்துக்கொண்டு போனார்கள். 1910-லிருந்து 1970 வரை நாடு முழுவதும் பத்தில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரையிலான பூர்வகுடிக் குழந்தைகள் இப்படிப் பிரிக்கப்பட்டதாக 1997-ல் வந்த விசாரணை அறிக்கை சொன்னது. 2008 பிப்ரவரி 13 அன்று பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். அதற்கு எட்டு மாதம் முன்புதான், 2007 ஜூனில், குழந்தைகளைக் காப்பாற்றப் போகிறோம் என்று சொல்லி அவருக்கு முன் பிரதமராக இருந்த ஜான் ஹோவர்டின் அரசு ராணுவ உதவியோடு 73 ஊர்களில் அவசர நடவடிக்கை எடுத்திருந்தது. இனப்பாகுபாட்டுத் தடைச் சட்டத்தையே அதற்காக நிறுத்திவைத்தார்கள். உதவித்தொகையில் பாதியை அரசே பிடித்துவைத்து, இன்னின்னதுதான் வாங்கலாம் என்றது. சீருடைக்காரர்கள் பிள்ளைகளைத் தூக்கிப்போகத்தான் வருகிறார்கள் என்று பயந்த குடும்பங்கள் உண்டு. இன்றைக்கும் ஆஸ்திரேலியக் குழந்தைகளில் சுமார் ஆறு சதவீதமாக இருக்கும் பூர்வகுடிப் பிள்ளைகள், குடும்பத்தைவிட்டுப் பிரித்து வைக்கப்பட்ட குழந்தைகளில் 40 சதவீதத்துக்கும் மேல். நார்தர்ன் டெரிட்டரியில் மட்டும் பார்த்தால் பத்துக்கு ஒன்பது.

ஆக, உங்கள் மையத்தின் படியேறும் ஒவ்வொரு தாயும் இதைத் தெரிந்துகொண்டுதான் ஏறுகிறாள். அவளுடைய பாட்டிக்கு நடந்தது அது. 'குடும்ப ஆதரவு' என்று போர்டு மாட்டிவிட்டதால் அது மறந்துபோகாது.

பிறகு ஏன் வருகிறாள்? பெரும்பாலும் வாஷிங் மெஷினுக்காக. சிரிக்கவேண்டாம், இதைத்தான் முதலில் சொல்ல நினைத்தேன். செம்மண் புழுதியும் நாய்களும் நிறைந்த ஊரில், பத்துப் பதினைந்து பேர் புழங்கும் வீட்டில், மெஷின் சீக்கிரம் பழுதாகும். பழுது பார்க்க ஆள் நகரத்திலிருந்து வரவேண்டும். துவைக்காத போர்வையில் சிரங்கு பரவும், சிரங்குப் புண்ணில் கிருமி ஏறும், அது குழந்தையின் இதய வால்வு வரைக்கும் போகும். ருமாட்டிக் இதய நோய் உலகத்திலேயே மிக அதிகமாக இருக்கும் இடங்களில் அந்தப் பகுதியும் ஒன்று. அதனால் மையத்தில் போர்வை கொள்ளும் பெரிய மெஷின்கள் குறைந்தது இரண்டு இருக்கவேண்டும், இரண்டும் ஓடவேண்டும்.

போர்வைகளைப் போட்டுவிட்டு அவள் வெளியே மர நிழலில் உட்காருவாள். நீங்களும் போய் உட்காருங்கள், எதிரே வேண்டாம், பக்கத்தில். கேள்வி கேட்காதீர்கள். அரசு உதவித்தொகை தரும் சென்டர்லிங்க் அலுவலகத்துக்கு அவள் போன் போட வேண்டியிருக்கும். ஸ்பீக்கரில் அந்தக் காத்திருப்பு மியூசிக் முக்கால் மணி நேரம் ஓடும். குழந்தை உங்கள் சாவிக்கொத்தை வாயில் வைத்துக் கடிக்கும். போன் எடுக்கப்படுவதற்குள், புருஷன் நேற்று டவுனிலிருந்து குடித்துவிட்டு வந்ததை அவள் வானிலை சொல்வதுபோலச் சொல்லிவிடுவாள். ஆபீஸ் அறையில் படிவத்தோடு உட்காரவைத்திருந்தால் ஒரு வார்த்தை வந்திருக்காது.

இப்போது நீங்கள் பயப்படும் இடம். நார்தர்ன் டெரிட்டரி சட்டப்படி, குழந்தைக்குத் தீங்கு நடக்கிறது என்று நம்பக் காரணம் உள்ள எல்லாப் பெரியவர்களும் தகவல் கொடுத்தாகவேண்டும். டாக்டர், டீச்சர் என்று மட்டுமில்லை, எல்லாரும். உங்கள் மையத்தில் வேலை செய்யும் உள்ளூர்ப் பெண்களுக்கும் இந்தக் கடமை உண்டு. ஆனால் அவர்கள் சொல்ல வேண்டியது சொந்த அக்காவின் பிள்ளையைப் பற்றி. விஷயம் வெளியே கசிந்தால் உங்களுக்கு மாற்றல் கிடைக்கும், அவர்கள் அங்கேயேதான் சாகும்வரை இருக்க வேண்டும். அதனால் ஒரு பணியாளர் தயங்கித் தயங்கி உங்களிடம் வந்தால், பக்கத்தில் உட்காரவைத்து, நீங்கள் போன் எடுத்துப் பேசுங்கள். மேலாளருக்குச் சம்பளம் கூடுதலாகத் தருவது இதற்குத்தான் என்று நான் நினைக்கிறேன்.

அதனால் குழந்தைக்கு ஆபத்து அதிகமாகாது என்றால், தகவல் கொடுக்குமுன் தாயிடம் சொல்லிவிடுங்கள். 'இன்றைக்கு நான் போன் செய்யப்போகிறேன், இன்னது சொல்வேன், நீங்கள் பிள்ளையைப் பாட்டி வீட்டில் விட்டிருப்பதையும் சொல்வேன்' என்று. கோபப்படுவாள், கத்துவாள், சில வாரம் எட்டிப் பார்க்கமாட்டாள். திரும்பி வருகிறவர்கள் உண்டு, வராதவர்களும் உண்டு. ஆனால் முதுகுக்குப் பின்னால் செய்தால் அவள் மட்டுமில்லை, ஊரே வராது.

போனை வைத்ததோடு உங்கள் வேலை முடியாது. பிள்ளையை எடுத்தே ஆகவேண்டும் என்றால் முதலில் சொந்தக் குடும்பத்தில், அப்புறம் அதே சமூகத்தில் வைக்கவேண்டும் என்ற விதியைச் சட்டத்தில் முதலில் எழுதியது நார்தர்ன் டெரிட்டரிதான், 1983-ல். ஏட்டில் இருக்கும் விதி நடக்க, யாராவது அதிகாரியிடம் 'அந்தப் பெரியம்மாவைக் கேட்டீர்களா, லஜமானு ஊரில் இருக்கும் பாட்டியைக் கேட்டீர்களா' என்று பெயர் பெயராகக் கேட்கவேண்டும். அந்தப் பெயர்கள் கம்ப்யூட்டரில் இருக்காது, உங்கள் பணிப்பெண்களின் தலையில் இருக்கும். அந்தப் பெண்கள் பேசவும், அதிகாரி அதைக் குறித்துக்கொள்ளவும் வழிசெய்வது உங்கள் பொறுப்பு.

அந்தப் பெண்களைக் குறைவாக எடைபோட்டுவிடாதீர்கள். யுண்டுமு என்ற வார்ல்பிரி ஊரில் 1990களின் தொடக்கத்தில் வயதான பெண்கள் கையில் தடியோடு இரவு ரோந்து போய்ச் சாராயத்தைத் தடுத்தார்கள். 1994-ல் பெட்ரோல் முகர்ந்து சீரழிந்துகொண்டிருந்த பிள்ளைகளை ஊர்ப் பெரியவர்களே பாலைவனத்துக்குள் மவுண்ட் தியோவுக்குக் கூட்டிப்போய் மீட்டார்கள். 2005-ல் டனாமி தங்கச் சுரங்கத்திலிருந்து வரும் உரிமத்தொகையின் ஒரு பகுதியைக் கல்விக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் ஒதுக்க வைத்தது வார்ல்பிரிக் கல்வியாளர்கள்தான். இதில் எதுவும் ஒரு மேலாளர் போட்ட திட்டம் இல்லை.

இன்னொன்றும் உண்டு. ஊரில் சாவு விழுந்தால் எல்லாம் நின்றுவிடும். குடும்பங்கள் வீட்டைக் காலிசெய்து துக்க முகாமில் போய் உட்காரும். இறந்தவர் பெயரை உச்சரிக்கக்கூடாது, படத்தை மூடவேண்டும், அதே பெயருள்ளவர்களை வேறு பெயரில்தான் கூப்பிடவேண்டும். உங்கள் பணியாளர் பாதிப்பேர் வாரக்கணக்கில் வரமாட்டார்கள். பணம் தருகிற துறை 'வருகை ஏன் குறைந்தது' என்று மின்னஞ்சல் அனுப்பும். பதில் எழுதுவதைத் தள்ளிவைத்துவிட்டு முகாமுக்கு மாவு, டீத்தூள், சர்க்கரை, தண்ணீர் கொண்டுபோங்கள்.

கையெழுத்துப் போடுமுன் அவர்களிடம் கேட்க வேண்டியவை. உங்களைத் தேர்ந்தெடுத்த குழுவில் அந்த ஊர்ப் பெண் யாராவது இருந்தாரா? இல்லையென்றால், ஒரு வாரம் அங்கே தங்கி அவர்களைப் பார்த்தபிறகுதான் முடிவு சொல்வேன் என்று எழுதுங்கள். உங்களோடு சேர்ந்து பொறுப்பெடுக்க ஒரு வார்ல்பிரிப் பெண்ணுக்குப் பதவியும் சமமான சம்பளமும் பட்ஜெட்டில் இருக்கிறதா? இதற்கு மழுப்பினார்கள் என்றால் நானாக இருந்தால் போகமாட்டேன். அப்புறம், வாஷிங் மெஷின் வேலை செய்கிறதா என்றும் கேளுங்கள்.

அன்புடன்,
அக்கா