கானாவூர்க் கற்சாடிகள் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

யோவான் சுவிசேஷம் 2-ஆம் அதிகாரத்தில், கானாவூர்க் கல்யாண வீட்டில் ஆறு கற்சாடிகள் இருந்ததாக வருகிறது. கல் என்பது யூதர்களின் இறுகிய மனதுக்கு அடையாளம் என்று பிரசங்கங்களில் கேட்டிருக்கிறேன். அப்படித்தான் வாசிக்க வேண்டுமா?

– ஒரு வாசகர், பாளையங்கோட்டை

அன்புள்ள நண்பருக்கு,

வேண்டாம். யூதர் தங்களைச் சுத்திகரிக்கும் தண்ணீருக்காக வைத்த சாடிகள் அவை என்று யோவானே சொல்கிறார். அவை கல்லால் ஆனதற்குக் காரணம் சமையல்கட்டில் இருக்கிறது.

லேவியராகமம் 11-ஐ எடுங்கள். செத்த எலியோ பல்லியோ மரப்பாத்திரத்திலோ துணியிலோ விழுந்தால், அதைத் தண்ணீரில் போட வேண்டும். சாயங்காலத்தோடு தீட்டு கழிந்துவிடும். மண்பாத்திரத்துக்குள் விழுந்தாலோ உள்ளே இருப்பதும் தீட்டு, பாத்திரத்தையும் உடைத்துவிட வேண்டும். உலோகத்துக்கு எண்ணாகமம் 31 தீயையும் தண்ணீரையும் சொல்கிறது. கல்லைப் பற்றி எங்கும் பேச்சில்லை. அதனால் கல்லில் தீட்டு ஒட்டாது என்றாயிற்று. யூத ரபிகளின் சட்டத் தொகுப்பான மிஷ்னா அப்படியே சொல்கிறது.

ஆனால் மிஷ்னா கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்டது. அதன் விதிகளை அப்படியே இயேசுவின் காலத்துக்குத் தூக்கிக்கொண்டு போனால் சறுக்கும். பலரும் சறுக்குவது இங்கேதான். இந்த விஷயத்தில் அகழாய்வு கைகொடுக்கிறது: கி.பி. 70-இல் ரோமர் எரித்த எருசலேம் வீடுகளில் சுண்ணாம்புக்கல் பாத்திரங்கள் கிடைத்திருக்கின்றன. கடைசலில் கடைந்த, முக்கால் மீட்டர் உயரச் சாடிகளும் அவற்றில் உண்டு. கலிலேயாவில், நாசரேத்துக்குப் பக்கத்து ரெய்னாவில், இத்தகைய பாத்திரங்கள் செய்த பட்டறையே அகப்பட்டது.

யூதர் எல்லாரும் இதை ஏற்கவும் இல்லை. சவக்கடல் பகுதியில் கிடைத்த ஆலயச் சுருள் என்ற பழைய யூத நூல், சாவு விழுந்த வீட்டில் கல் திரிகையையும் உரலையும்கூடச் சுத்திகரிக்கச் சொல்கிறது. 'யூதர்களின் மனம்' என்று ஒன்றைப் பிடித்துப் பேச இடமே இல்லை.

அளவிலும் ஒரு சிக்கல். தமிழ் வேதாகமம் 'இரண்டு மூன்று குடம்' என்கிறது. நம் இடுப்புக் குடத்தை நினைத்தால் கணக்கு தப்பிவிடும். கிரேக்கத்தில் இருப்பது 'மெத்ரேதேஸ்', ஏறக்குறைய 39 லிட்டர். சாடிக்கு 80 முதல் 120 லிட்டர், ஆறிலும் சேர்த்து 470 முதல் 700 லிட்டர். தீட்டுக் கழிய உடம்பு முழுவதும் முழுக்குப் போடுவதற்குத் தரையில் வெட்டிய குளம் வேண்டும், சாடி உதவாது. கை கழுவ மிஷ்னா கேட்பது கால் 'லோக்', ஒரு சின்ன டம்ளர் தண்ணீர்தான். கல்யாணக் கூட்டத்துக்கு அந்தச் சாடிகள் தாராளம்.

'தீட்டு' என்ற நம் சொல்லோடும் கவனமாக இருங்கள், அதில் சாதியின் வாடை உண்டு. மோசேயின் ஐந்து நூல்களான தோராவில் அது பிறப்பால் வருவதல்ல, பாவமும் அல்ல. பிள்ளை பெற்றவளுக்கும் உண்டு, தகப்பனை அடக்கம் செய்தவனுக்கும் உண்டு. நாள் கணக்கும் தண்ணீரும் கழித்துவிடும்.

அடுத்து மாற்கு 7-ஐ வாசியுங்கள். இயேசுவின் சீஷர் சிலர் கை கழுவாமல் சாப்பிட்டதைப் பரிசேயர் அங்கே குறை சொல்கிறார்கள். சாப்பாட்டுக்கு முன் எல்லாரும் கை கழுவ வேண்டும் என்ற கட்டளை தோராவில் கிடையாது. அங்கே நடப்பது முன்னோர் வழக்கம் யாரைக் கட்டுப்படுத்தும் என்ற வாதம், யூதர்களுக்குள்ளேயே.