31 சதவீதத்தை எப்படிக் குறைப்பது?

கேள்வி: நொய்யல் ஓரக் கிணறுகளில் சாயக்கழிவின் பாதிப்பு பற்றிக் கோவையில் பிஎச்.டி. செய்கிறேன். முன்னாய்வு அத்தியாயத்தை (மற்றவர்கள் ஏற்கெனவே செய்த ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் பகுதி) காப்பியைக் கண்டுபிடிக்கும் பிளேஜியரிசம் மென்பொருளில் போட்டால் 31 சதவீதம் ஒத்துப்போகிறது என்கிறது. "வார்த்தை மாற்றும் மென்பொருளில் போடு, பத்துக்குள் வந்துவிடும்" என்கிறார் சீனியர். மூன்றே நாளில் கட்டுரை வெளியிட்டுத் தருவதாக வாட்ஸ்அப்பில் ஒருவர் பணம் கேட்கிறார். என்ன செய்யட்டும்?
- வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: ரெண்டும் வேண்டாம் அம்மணி.

சீனியர் சொல்லும் வழியில் எண் குறையும், காப்பி அப்படியே இருக்கும். அந்த மென்பொருள்கள் கலைச்சொல்லைக்கூட விட்டுவைப்பதில்லை. 'ஆர்ட்டிபிஷியல் இன்டெலிஜென்ஸ்' என்பதை 'கவுண்டர்ஃபிட் கான்ஷியஸ்னஸ்' (போலி உணர்வு) ஆக்கிய கட்டுரைகளை 2021-ல் பிரான்சின் கணினி அறிவியலாளர் கியோம் கபனாக்கும் அவரோடு சேர்ந்தவர்களும் கொத்தாகப் பிடித்தார்கள். உங்கள் 'கிரவுண்ட் வாட்டர்' என்ன ஆகுமோ!

முதலில் அந்த அறிக்கையில் எந்தெந்த வரிகளுக்கு நிறம் பூசியிருக்கிறது என்று பாருங்கள். யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிகள்படி, மூலம் சொல்லி மேற்கோளாகக் கொடுத்த பகுதி, நூற்பட்டியல், சட்டங்கள், பொதுவான கலைச்சொற்கள் எல்லாம் கணக்கில் வராது. சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன 2011 உயர்நீதிமன்ற உத்தரவிலிருந்து மேற்கோள் காட்டியிருந்தால் அதையும் கழித்துவிடலாம். கழித்த பிறகும் 10-ஐத் தாண்டினால்தான் வம்பு. 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 60-க்கு மேல் போனால் பதிவே ரத்து.

மிச்சம் நிற்பவை பெரும்பாலும் நோட்ஸ் எடுக்கும்போது கட் பேஸ்ட் செய்த பத்திகளாக இருக்கும். எல்லோரும் சறுக்குவது இங்கேதான். மூலக் கட்டுரையைப் படித்துவிட்டு மூடி வையுங்கள். ஒரத்துப்பாளையம் பக்கத்துத் தோட்டத்துக்காரர் "அதுல என்னங்க சொல்லியிருக்கு?" என்று கேட்டால் எப்படிச் சொல்வீர்களோ, அப்படித் தமிழில் எழுதுங்கள். எந்த ஊர்க் கிணறுகள், மழைக்கு முன்னா பின்னா, உப்பு எவ்வளவு, எதை அவர்கள் பார்க்கவே இல்லை? கடைசிக் கேள்விக்கு வரும் பதிலில்தான் உங்கள் ஆய்வுக்கு இடம் இருக்கிறது. அப்புறம் ஆங்கிலத்தில் எழுதி, எண்களை மூலத்தோடு சரிபாருங்கள். வாக்கியம் உங்களுடையதே ஆனாலும், கண்டுபிடித்தவர் யார் என்று அங்கேயே சொல்ல வேண்டும். பெயர் சொல்லாமல் கருத்தை எடுத்தால் மென்பொருளுக்குத் தெரியாமல் போகலாம். வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், கேட்பவருக்குத் தெரியும்.

அந்த வாட்ஸ்அப்காரர் விஷயம் எளிது. மூன்று நாளில் யாரும் ஒரு கட்டுரையை ஒழுங்காகப் படித்து மதிப்பிட முடியாது. யுஜிசி ஏற்ற ஜர்னல்களின் பட்டியலான 'யுஜிசி கேர்'-ல் இருக்கிறது என்று காட்டினாலும் மயங்காதீர்கள், அந்தப் பட்டியலையே 2025-ல் கைவிட்டுவிட்டார்கள். ஆய்வேடு கொடுக்கும் முன் கட்டுரை வந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் யுஜிசியின் 2022 விதிகளில் இல்லை. உங்கள் பல்கலைக்கழகம் தனியாகக் கேட்கிறதா என்று விசாரியுங்கள். கேட்டால், நெறியாளரோடு உட்கார்ந்து நல்ல ஜர்னலாகப் பார்த்து அனுப்புங்கள். மாதக்கணக்கில் ஆகும், ஆகட்டும்.