பாலம் நிற்கிறது, சாலை இல்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நான் கலிஃபோர்னியாவின் இர்வைன் நகரில் வசிக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாதத்தில் நண்பர்களோடு சான் கேப்ரியல் மலையில் உள்ள ‘பிரிட்ஜ் டு நோவேர்’ என்ற பாலத்துக்கு நடந்து சென்று வந்தேன். ஐந்து மைல் ஆற்றிலும் மணலிலும் நடந்த பிறகு, எந்தச் சாலையோடும் சேராத ஒரு கான்கிரீட் வளைவுப் பாலம் நடுக்காட்டில் நிற்கிறது. உடன் வந்த நண்பர், “பொறியாளர்களின் அகந்தைக்கு இயற்கை கொடுத்த அடி இது” என்றார். இன்னொருவர், “நம் ஊராக இருந்தால் ஒப்பந்தக்காரரைத் திட்டித் தீர்த்திருப்போம், இங்கே படமெடுத்துக்கொள்கிறோம்” என்று சிரித்தார். எனக்கு இரண்டு பதிலும் போதவில்லை. பயனற்றுப்போன ஒரு கட்டுமானத்தைப் பார்க்க இத்தனை பேர் காலணி நனைய நடப்பது ஏன்? நீங்களும் அங்கே சென்றிருப்பதாக ஓர் உரையில் குறிப்பிட்டீர்கள். என் தந்தை நெடுஞ்சாலைத் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர், வயது 68. வரும் வசந்த காலத்தில் எங்களோடு தங்க வருகிறார். அவரை அங்கே அழைத்துச் செல்லலாமா?

ந.க.

அன்புள்ள ந.க.,

உங்கள் முதல் நண்பர் சொன்னதை எந்த இடிபாட்டின் முன்னும் சொல்லலாம். இந்தப் பாலத்தின் முன் மட்டும் அது சற்றே இடறுகிறது. அகந்தைக்குத்தான் அடி என்றால், அந்தத் திட்டத்திலேயே துணிச்சல் மிகுந்த பகுதியாகிய பாலம் அல்லவா முதலில் விழுந்திருக்க வேண்டும்? அது 1936இல் கட்டி முடித்த நிலையில் நிற்கிறது. போனது, பொறியியலில் சாதாரண வேலை என்று எண்ணப்படும் சாலை. ஏன் அப்படி ஆயிற்று என்பதுதான் அங்கே பார்க்க வேண்டிய விஷயம் என்று நினைக்கிறேன்.

வரலாறு சுருக்கமானது. லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் கிழக்கே அசூசா நகரிலிருந்து, சான் கேப்ரியல் ஆற்றின் கிழக்குக் கிளையை ஒட்டியே மேலேறி, மலையின் வடபுறத்தில் உள்ள ரைட்வுட் என்ற ஊரைச் சென்றடைய ஒரு சாலை திட்டமிடப்பட்டது. ஆற்றோரம் இயல்பாகவே மெல்லிய ஏற்றம் கிடைக்கும் என்பதால் அந்தத் தடம் தேர்ந்தெடுக்கப்பட்டது. பள்ளத்தாக்கு திடீரென்று குறுகி இருபுறமும் பாறை செங்குத்தாக எழும் இடத்தில், ஆற்றுக்கு ஏறத்தாழ 120 அடி உயரத்தில், இந்த வளைவுப் பாலத்தைக் கட்டினார்கள். சாலைப்பணி முடிவதற்குள், 1938 பிப்ரவரி இறுதியிலும் மார்ச் தொடக்கத்திலும் இரண்டு புயல்கள் அடுத்தடுத்து வந்தன. மலையின் சில இடங்களில் ஐந்து நாட்களில் 30 அங்குலத்துக்கு மேல் மழை கொட்டியது. சமவெளியில் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் ஆற்றுக்குக் கான்கிரீட் கரைகட்டும் வேலை அவ்வளவு தீவிரமாக நடந்ததற்கு அந்த வெள்ளமே காரணம். கிழக்குக் கிளையில் சாலை அடித்துச் செல்லப்பட்டது, திட்டம் கைவிடப்பட்டது.

நீங்கள் நடந்த வழி அந்தச் சாலையின் மிச்சம். ஓரிடத்தில் புதர்களுக்கு நடுவே மேசையளவு தார்ப்பரப்பு ஒன்று கிடந்ததைப் பார்த்திருப்பீர்கள். நான் அதன் ஓரத்தில் குனிந்து பார்த்தேன். தாருக்குள் பதிந்திருந்த கற்கள் அத்தனையும் உருண்டு வழவழத்த ஆற்றுக்கற்கள். ஒரு கை நீளத்துக்கு அப்பால் தார் முடிந்து, அதே அளவும் அதே நிறமும் கொண்ட கற்களாகவே படுகை கீழே விரிந்து கிடந்தது. ஆறு கொண்டுவந்து போட்டதை எடுத்து ஆற்றின் மேலேயே சாலையாகப் பரப்பினார்கள். ஆறு அதைத் திரும்ப எடுத்துக்கொண்டது.

சான் கேப்ரியல் வேகமாக உயர்ந்துகொண்டிருக்கும் மலை. சான் ஆண்ட்ரியாஸ் நிலப்பிளவு அதன் வடவிளிம்பில், ரைட்வுட் வழியாகவே செல்கிறது. அந்த நெருக்கத்தில் பாறை முழுவதும் நொறுங்கியிருப்பதால், சரிவில் கைவைத்தால் கல் பெயர்ந்து வரும். கோடையில் உலர்ந்து எண்ணெய்ப்பசையோடு நிற்கும் சப்பரல் புதர்க்காடு சில பத்தாண்டுகளுக்கு ஒருமுறை எரிகிறது; எரிந்த மண்ணின் மேலடுக்கு நீரை உள்ளே விடுவதில்லை; அடுத்த பெருமழை சரிவையே வழித்துக்கொண்டு வருகிறது. இத்தகைய மலையில் ஒரு சாலை தன் நீளம் முழுவதும் சரிவைத் தொட்டாக வேண்டும், ஒவ்வோர் அடியிலும் அதை நம்பியாக வேண்டும். பாலமோ மலையை இரண்டே இடங்களில் தொடுகிறது, அந்த இரண்டும் உறுதியான பாறை. அது பிழைத்ததற்கு இதைவிடப் பெரிய மர்மம் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

ஆறு இப்படிச் செய்யும் என்று அன்று யாருக்கும் தெரியாது என்றும் சொல்ல முடியாது. அதே கிளையாற்றில் 1850களில் தங்கம் கிடைத்து, எல்டோரடோவில் என்ற சுரங்க ஊர் ஒன்று கடைகளும் மதுக்கூடங்களுமாக எழுந்தது. 1862 ஜனவரி வெள்ளத்தில் அந்த ஊர் அடையாளமின்றிப் போயிற்று. இன்றும் நடைபாதையின் தொடக்கப் பகுதியில் சிலர் தட்டும் சல்லடையுமாக மணலை அலசிக்கொண்டிருப்பதைக் காணலாம். எழுபத்தைந்து ஆண்டுகள் என்பது ஓர் ஊர் நிர்வாகம் எதையும் மறப்பதற்குத் தாராளமான காலம்.

1938இலிருந்து பாடம் கற்றுக்கொள்ளாமலும் இல்லை. 1954இல் மறுபடி தொடங்கியபோது, ஆற்றை விட்டு விலகி, பள்ளத்தாக்கின் மேற்குச் சுவரில் உயரமாகச் சாலையை வெட்டினார்கள். அணுகுண்டுப் போர் மூண்டால் லாஸ் ஏஞ்சல்ஸ் மக்கள் வெளியேறுவதற்கான வழி என்று அதற்கு ஒரு காரணமும் சொல்லப்பட்டது. கைதிகளைக் கொண்டு வேலை வாங்கி, பாறையைக் குடைந்து, 1961இலும் 1964இலுமாக இரண்டு சுரங்கவழிகளை முடித்தார்கள். சுமார் நான்கரை மைல் போனதும் 1969இல் அதுவும் கைவிடப்பட்டது. ஷூமேக்கர் கேன்யன் சாலை என்று பெயர். வடக்குக் கிளையை ஒட்டி மலையேறும் 39ஆம் எண் நெடுஞ்சாலை கட்டி முடிக்கப்பட்டதுதான்; ஆனால் அது மேலே மலைமுகட்டை ஒட்டிச் செல்லும் ஏஞ்சலஸ் கிரெஸ்ட் நெடுஞ்சாலையோடு சேரும் கடைசித் துண்டு 1978இல் நிலச்சரிவால் மூடப்பட்டது, பிறகு பொதுப் போக்குவரத்துக்குத் திறக்கப்படவில்லை. எனவே உயரத்தில் போட்டிருந்தால் நின்றிருக்கும் என்பதும் பாதி உண்மைதான். உங்கள் இரண்டாவது நண்பர் திட்ட விரும்பினால், ஒரே ஒப்பந்தக்காரரோடு அது முடியாது; மூன்று தலைமுறை அதிகாரிகளைத் திட்ட வேண்டியிருக்கும்.

மக்கள் ஏன் நடக்கிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். குளிப்பதற்காகவும், படமெடுக்கவும், பாலத்திலிருந்து ரப்பர் கயிறு கட்டிக் குதிக்கவும் பலர் வருகிறார்கள். பாலத்தைச் சுற்றியுள்ள நிலம் தனியாருடையது என்பதால் அந்தத் தொழில் அங்கே நடக்கிறது. அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் வாசிக்கத் தெரிந்தவருக்கு அந்த ஐந்து மைல் பாலத்தைவிடச் சுவையானது என்பது என் கருத்து. ஒவ்வொரு முறை ஆற்றில் இறங்கும்போதும், இங்கே சாலை எப்படிப் போயிருக்கும் என்று கேட்டுக்கொண்டு எதிர்க்கரையைத் தேடினால், தலைக்கு மேலே வெட்டுத்தடம் ஒன்று தெரியும், அல்லது ஒன்றுமே தெரியாது. ஒன்றுமே தெரியாத இடங்கள்தான் 1938இன் வெள்ளத்தை அளந்து காட்டுகின்றன. அப்படி நடந்து வந்து சேர்பவருக்குப் பாலம் கேலிப்பொருளாகத் தோன்றாது. நான் கைப்பிடிச்சுவரை ஒட்டிக் குனிந்து வளைவின் அடிப்பக்கத்தைப் பார்த்தேன். வார்ப்புப் பலகைகளின் கோடுகள் கான்கிரீட்டில் பதிந்து கிடந்தன. வளைவு பாறைக்குள் இறங்கும் இடத்தில் வெடிப்பு எதுவும் என் கண்ணுக்குப் படவில்லை. உங்கள் தந்தையைப் போன்ற ஒருவர் அங்கே என்னைவிட நெடுநேரம் நிற்பார்.

ஆனால் வசந்த காலத்தில் அவரை அழைத்துச் செல்ல வேண்டாம். பத்தாயிரம் அடி உயரமுள்ள பால்டி சிகரத்தின் பனி உருகி வரும் பருவம் அது. கோடையில் முழங்காலுக்குக் கீழே ஓடும் ஆறு அப்போது தொடை வரை வரும், அடியில் கிடக்கும் கல்லும் உருளும். போகவரப் பத்து மைல், நிழல் குறைவு, ஏற்றம் ஆயிரம் அடிக்குள்தான் என்றாலும் பாதை பல இடங்களில் புதரில் தொலைந்துபோகும். மழை பெய்த வாரத்தில் இளைஞர்களும் இறங்கக் கூடாது. மூன்று இலை சேர்ந்த பாய்சன் ஓக் செடி ஆற்றோரம் நிறைய உண்டு, உரசினால் தோல் கொப்பளிக்கும்.

இன்னொன்றும் உண்டு. 2024 செப்டம்பர் 8இல் கிழக்குக் கிளைப் பகுதியில் பற்றிய ‘பிரிட்ஜ் ஃபயர்’ ஐம்பதாயிரம் ஏக்கருக்கு மேல் எரித்தது. 10ஆம் தேதி அது மலையைத் தாண்டி ரைட்வுட்டின் வீடுகளை அடைந்தது. அந்தக் கிழக்குக் கிளைச் சாலையால் ஒருபோதும் போய்ச் சேர முடியாத ஊருக்கு நெருப்பு போய்ச் சேர்ந்தது. வனத்துறை அப்பகுதியை மூடி ஆணையிட்டது. எரிந்த சரிவு எப்படி நடந்துகொள்ளும் என்பதை மேலே எழுதியிருக்கிறேன். எனவே புறப்படும் முன் ஏஞ்சலஸ் தேசிய வனத்தின் அப்போதைய மூடல் ஆணைகளைப் பாருங்கள். திறந்திருந்தாலும் முதலில் ஷூமேக்கர் கேன்யன் சாலைக்கே உங்கள் தந்தையை அழைத்துச் செல்லுங்கள். அங்கே ஆற்றைக் கடக்க வேண்டியதில்லை. வண்டிக்காக வெட்டிய அகலமான தடம் சீராக ஏறுகிறது. இரண்டு சுரங்கவழிகளுக்கும் கைவிளக்கு எடுத்துக்கொள்ளுங்கள். பாலத்தை, அவருக்குத் தெம்பிருந்தால், நீர் வற்றிய இலையுதிர் காலப் பயணம் ஒன்றுக்கு வைத்துக்கொள்ளலாம்.