டேட்டா சென்டரில் ராத்திரி வேலை: மகனை அனுப்பலாமா?

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதம் கிடைத்தது. ட்ரிபிள் ஈ (எலக்ட்ரிகல்) டிப்ளமா முடித்த மகனுக்கு சென்னை சிறுசேரியில் ஒரு டேட்டா சென்டரில் ட்ரெய்னி டெக்னீஷியன் வேலை வந்திருக்கிறது. தம்பி போயே தீருவேன் என்கிறான். நீங்களோ, "ராத்திரி முழுக்க ஏசி ரூமில் கம்ப்யூட்டருக்குக் காவல் இருக்கவா மூணு வருஷம் படிக்க வைத்தேன்?" என்று கேட்டிருக்கிறீர்கள். சில வருஷங்களுக்கு முன் என்னிடம் கேட்டிருந்தால் நானும் ஏறத்தாழ அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

முதலில் ஒன்று. அது கம்ப்யூட்டர் வேலை இல்லை. பெரும்பாலும் கரண்ட் வேலை. ஊர் ஜவுளிக்கடையின் வெப்சைட்டோ, நீங்கள் ரிசல்ட் பார்க்கிற தளமோ, எங்கேயோ ஒரு சர்வரில், அதாவது ராப்பகலாக ஓடும் ஒரு கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. அந்த சர்வர்களை ரேக்கில் அடுக்கி, நிற்காத மின்சாரமும் அளவான குளிர்ச்சியும் இணைய இணைப்பும் கட்டுக்காவலும் கொடுக்கிற கட்டடம்தான் டேட்டா சென்டர். சிங்கப்பூரிலிருந்து வரும் கடலடி இணைய கேபிள்கள் சென்னையில் கரையேறுவதால் அம்பத்தூர், சிறுசேரி பக்கம் இவை நிறைய முளைத்திருக்கின்றன.

உள்ளே கரண்ட் எப்படி ஓடுகிறது என்று தம்பியைக் கேளுங்கள், படித்ததைத்தான் சொல்வான். ஈபி சப்ளை போன நொடியே யூபிஎஸ் பேட்டரி சுமையை எடுத்துக்கொள்ளும். அது தாங்குவது சில நிமிடங்கள்தான். அதற்குள் டீசல் ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகி லோடு எடுத்துவிட வேண்டும். எல்லாமே இரட்டை. நல்ல சர்வரில் பவர் கார்டே இரண்டு இருக்கும். ஒன்று ஏ லைனில், இன்னொன்று பி லைனில். ஒரு பக்கத்தை நிறுத்தி ரிப்பேர் பார்த்தாலும் சர்வருக்குத் தெரியக் கூடாது. அப்படிப் பராமரிக்க முடிந்த கட்டடத்தைத்தான் டியர் 3 தரம் என்கிறார்கள். அதற்குச் சொல்லப்படும் கணக்கு, 99.982 சதவீத நேரம் ஓட வேண்டும் என்பது; வருஷத்துக்கு மொத்தம் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல் நிற்கலாம். டியர் 4 என்றால் 26 நிமிடம். நம் தெருவில் பராமரிப்பு மின்தடை ஒரே நாளில் எத்தனை மணி நேரம் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்தக் கணக்கு மெஷினால் மட்டும் வருவதில்லை. 2012 அக்டோபர் 29 இரவு சாண்டி புயல் நியூயார்க்கைத் தாக்கியது. மன்ஹாட்டனில் பிராட் தெரு 75-ஆம் எண் கட்டடத்தில் பிறருடைய வெப்சைட்டுகளை ஓட்டிக் கொடுக்கும் பியர் 1 என்ற நிறுவனத்தின் டேட்டா சென்டர் இருந்தது. ஜெனரேட்டர் மேலே பத்திரமாகத்தான் இருந்தது. ஆனால் டீசலை மேலே ஏற்றும் பம்ப் அடித்தளத்தில் இருந்தது. கடல் நீர் புகுந்து பம்ப் மூழ்கிவிட்டது. ஊழியர்களும், அங்கே சர்வர் வைத்திருந்த நிறுவனங்களின் ஆட்களும் சேர்ந்து வாளியில் டீசல் பிடித்து 17 மாடி படியேறிச் சுமந்து வெப்சைட்டுகளை ஓட வைத்தார்கள். கேட்க வீரக்கதைதான். என்னைக் கேட்டால், யார் முன்கூட்டியே அடித்தளத்தைச் சுற்றிப் பார்த்து "தண்ணீர் வந்தால் இந்த பம்ப் என்ன ஆகும்" என்று எழுதி வைக்கிறானோ அவன்தான் பெரிய ஆள். 2015 வெள்ளத்தைப் பார்த்த சென்னையில் அந்தக் கேள்விக்கு இன்னும் மதிப்பு அதிகம். டீசல் லாரி வர முடியாத நாளில் டேங்கில் இருப்பதுதான் கணக்கு.

தம்பியின் ராத்திரி வேலையும் அதுதான். குறிப்பிட்ட நேரத்துக்கு ஒரு முறை ரவுண்ட்ஸ் போய் யூபிஎஸ் லோடு, பேட்டரி அறையின் சூடு, சில்லர் என்ற குளிரூட்டும் இயந்திரத்தின் தண்ணீர் அழுத்தம், டீசல் அளவு எல்லாம் பார்த்து லாக் புக்கில் எழுத வேண்டும். பேட்டரி அறையில் ஏதாவது வாடை வருகிறதா, பம்ப் சத்தம் நேற்றைவிட மாறியிருக்கிறதா என்று காதும் மூக்கும் கவனிக்க வேண்டும். ஜெனரேட்டரை அட்டவணைப்படி ஓட்டிப் பார்க்க வேண்டும். தேவைப்படும் நாளில் முதல் முறையாக ஸ்டார்ட் செய்து பார்ப்பவனுக்கு அங்கே இடமில்லை. ஷிஃப்ட் முடியும்போது அடுத்தவனிடம் நின்று பேசி ஒப்படைக்க வேண்டும்.

பிரேக்கரை, அதாவது கரண்டைத் துண்டிக்கும் பெரிய ஸ்விட்சைத் தொடுவதற்கோ தனிச் சடங்கே உண்டு. படிப்படியாக எழுதி ஒப்புதல் வாங்கிய தாள் இருக்கும். ஒருவர் வாசிப்பார், இன்னொருவர் செய்வார், ஒவ்வொரு படிக்கும் டிக். பார்க்க விளையாட்டு போல இருக்கும், ஆனால் அதை விட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். 2017 மே மாதம் பிரிட்டிஷ் ஏர்வேஸின் டேட்டா சென்டரில் கரண்ட் போய், சுமார் 75,000 பயணிகள் விமான நிலையங்களில் தவித்தார்கள். ஒரு இன்ஜினியர் மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு முறையின்றித் திரும்பக் கொடுத்ததுதான் காரணம் என்று பிறகு நிறுவனத் தரப்பே சொன்னது. ஒரு கை, ஒரு ஸ்விட்ச். அந்தக் கை பழக வேண்டிய இடத்தில்தான் உங்கள் மகனுக்கு இடம் கிடைத்திருக்கிறது. வாட்ச்மேன் வேலை என்று நான் சொல்ல மாட்டேன்.

சரி, குளிர். அவனுக்குச் சளித் தொல்லை உண்டு என்று எழுதியிருந்தீர்கள். ஸ்வெட்டர் போட்டு நடுங்குகிற காலம் போய்விட்டது. சர்வருக்குள் போகும் காற்று 18 முதல் 27 டிகிரி வரை இருந்தால் போதும் என்பதுதான் இப்போதைய பரிந்துரை. ரேக்குக்குப் பின்பக்கம் நின்றால் வேர்க்கும். நான் ஒரு முறை உள்ளே போனபோது என்னைப் படுத்தியது குளிர் இல்லை, இரைச்சல். பல்லாயிரம் ஃபேன்கள் ஒன்றாக ஓடுகிற சத்தம். காதடைப்பான் தருவார்கள், அதைப் போடச் சொல்லுங்கள், இந்த வயசுப் பையன்கள் போட மாட்டார்கள்.

ராத்திரி ஷிஃப்டை இனிப்பு தடவிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. உடம்பு பழக நாளாகும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் யாராவது உள்ளே இருந்தே ஆக வேண்டும். புதிதாகச் சேர்ந்தவன்தான் பெரும்பாலும் மாட்டுவான். ஷிஃப்ட் எட்டு மணி நேரமா, பன்னிரண்டா, வாரத்துக்கு எத்தனை ராத்திரி, ராத்திரி வண்டி உண்டா என்று சேரும் முன்பே கேட்டுக்கொள்ளட்டும்.

எனக்கு உறுத்துகிற விஷயம் வேறு. கட்டடத்தின் வாசலில் பெரிய நிறுவனத்தின் பெயர் இருக்கும்; தம்பிக்குச் சம்பளம் போடுவது ஒரு கான்ட்ராக்டராக இருக்கலாம். அது தப்பில்லை, நிறைய பேர் அப்படித்தான் நுழைகிறார்கள். ஆனால் ஆஃபர் கடிதத்தில் யார் பெயர் இருக்கிறது, பிஎஃப், இஎஸ்ஐ உண்டா, பயிற்சிக் காலம் எத்தனை மாதம் என்று பார்க்க வேண்டும். டெபாசிட் என்று ஒரு ரூபாய் கேட்டாலும், ஒரிஜினல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்வோம் என்றாலும் போக வேண்டாம். இன்னொன்றும் கேட்கட்டும்: "ஜெனரேட்டர் டெஸ்ட், யூபிஎஸ் பராமரிப்பு நடக்கும்போது ட்ரெய்னியைப் பக்கத்தில் நிற்க விடுவீர்களா?" வெறும் ரீடிங் எழுத மட்டும் ஆள் எடுக்கிற இடம் என்றால் ஒரு வருஷத்துக்கு மேல் அங்கே இருக்கக் கூடாது.

சேர்ந்த பிறகு இரண்டு வழி இருக்கிறது. மின்சாரப் பக்கமே வளர்ந்தால் ஷிஃப்ட் இன்சார்ஜ், அப்புறம் ஃபெசிலிட்டி மேனேஜர். அதற்கு அனுபவச் சான்றைச் சேர்த்து வைத்து, தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் மேற்பார்வையாளர் தகுதிச் சான்றை வாங்கிவிட வேண்டும். டேட்டா சென்டர் பிடிக்காமல் போனாலும் மில்லிலோ ஆஸ்பத்திரியிலோ அது சோறு போடும். இன்னொரு வழி சர்வர் பக்கம்; அதில் ஆசை இருந்தால் சர்வர்களை இயக்கும் லினக்ஸ் மென்பொருளும் நெட்வொர்க்கிங்கும் படிக்கட்டும். ஆனால் முதல் ஆறு மாதம் வேண்டாம். ராத்திரி ஷிஃப்டுக்குப் பழகும் முன்பே கோர்ஸுக்குப் பணம் கட்டி, பாதியில் விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக, உங்களுக்காக மட்டும் ஒன்று. இந்த இடங்களில் கட்டுக்காவல் பலமாக இருக்கும். ஒரு கதவு மூடினால்தான் அடுத்தது திறக்கும் அறை, கைரேகை, கேமரா எல்லாம் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். போனை வெளியிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லும் இடங்களும் உண்டு. ராத்திரி பதினொரு மணிக்கு நீங்கள் கூப்பிட்டு அவன் எடுக்கவில்லை என்றால் பதறாதீர்கள். சேர்ந்த முதல் நாளே கண்ட்ரோல் ரூம் லேண்ட்லைன் நம்பரைக் கேட்டு வாங்கி, காலண்டரில் எழுதி மாட்டி வையுங்கள்.